தலைக்கவசத்துக் கமராவும் வால் இல்லாத வள்ளமும்

அந்தச் சின்னக் கமராவை நான் வாங்கியது கலியாண வீடுகளுக்காகத்தான். உப்புவெளி விடுதி ஒன்றில் மாதக்கணக்காகத் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது தன் சாமான்களில் பாதியை விற்றுவிட்டுப் போனார். அலையில் சறுக்கி விளையாடுகிறவர்கள் பலகையில் ஒட்டிக்கொண்டு போகிற வகைக் கமரா அது. நெருப்புப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. கடலில் விழுந்தாலும் கல்லில் விழுந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி, என் கண் முன்னாலேயே சீமெந்துத் தரையில் போட்டுக் காட்டினார். அதிலேயே நான் மயங்கிவிட்டேன்.

திருகோணமலை நகரத்தில் நான் பத்து வருடமாக வீடியோ எடுக்கிறவள். கலியாணம், பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீடு, கோயில் திருவிழா, எப்போதாவது ஒரு பாடசாலை விளையாட்டுப் போட்டி. ஒரு பெண் கமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறாளே என்று ஆரம்பத்தில் ஒரு மாதிரிப் பார்த்தவர்கள், பிறகு பெண் என்றால் கலியாணப் பொம்பிளை உடுத்து வெளிக்கிடுகிற அறைக்குள்ளும் போய் எடுக்கலாம் என்று கண்டுகொண்டு என்னைத்தான் தேடி வந்தார்கள். இந்தச் சின்னக் கமராவை மணவறையின் உச்சியில் கட்டிவிட்டால் தாலி கட்டுவதை மேலிருந்து எடுக்கலாம் என்பது என் திட்டம். எடுத்தேன். அது மிக அகலமாகப் பார்க்கிற கமரா என்பதால் மண்டபத்துத் தூண்கள் எல்லாம் வாழைப்பழம் போல வளைந்து வந்தன. ஐயரின் தலை பூசணிக்காய் அளவுக்கு வந்தது. மாப்பிள்ளையின் தாய் பார்த்துவிட்டு, இந்தத் துண்டை எடுத்துவிடு பிள்ளை என்று தன்மையாகச் சொன்னார். கமரா அலுமாரிக்குள் போனது.

அதை மீண்டும் வெளியே எடுக்க வைத்தவர் சுவிசிலிருந்து வந்த ஒரு அண்ணா. எங்கள் ஊரிலே பிறந்து, இளந்தாரி வயதில் வெளிநாடு போனவர். அங்கே மலைகளுக்கு மேலே பறக்கப் பழகி, நாற்பத்தைந்து வயதில் ஒரு பறக்கும் யந்திரத்தைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு உப்புவெளிக்கு வந்து இறங்கியிருந்தார். கிழக்குக் கடல் அடங்கியிருக்கிற மாதங்களில் உல்லாசப் பயணிகளை மேலே கூட்டிக்கொண்டு போவது அவருடைய யோசனை. யந்திரம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று சில்லு வைத்த ஒரு இரும்புக் கூடு, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, அதற்குப் பின்னால் ஆள் உயர விசிறி. தலைக்கு மேலே, பரசூட் மாதிரி ஆனால் நீளமான பிறைவடிவத் துணி. விமானி என்று நான் அவரைச் சொன்னால் அவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் வேறு என்ன சொல்வது?

பயணிகளுக்குக் கைப்பேசியில் காட்ட இரண்டு நிமிட வீடியோ ஒன்று வேண்டும் என்று என் கடைக்கு வந்தார். ட்ரோனில் எடுக்கலாமே என்றேன். ட்ரோனில் எடுப்பது பறவை பார்க்கிற மாதிரி, எனக்கு மனிசர் பார்க்கிற மாதிரி வேண்டும் என்றார். பெரிய கமராவை மேலே கொண்டு போக ஏலாது என்று அவர் சொன்னபோதுதான் அலுமாரிக்குள் கிடந்தது நினைவுக்கு வந்தது.

நான் அதற்கு முன்பு விமானத்தில்கூட ஏறியதில்லை. சின்ன வயதில் ஊஞ்சலே பயம். ஆனால் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.  

முதல் நாள் காலை கடற்கரையில் அவர் என்னைத் தலை முதல் கால்வரை சோதித்தார். சால்வை வேண்டாம், காப்பு வேண்டாம். தலைமயிரைப் பின்னிச் சட்டைக்குள் விடச் சொன்னார்.

"பின்னால விசிறி சுத்துது. உங்கட உடம்பில இருந்து ஒரு ஊசி கழண்டாலும் அது நேரா அதுக்குள்ளதான் போகும்" என்றார்.

கமராவைத் தலைக்கவசத்தின் நெற்றிப் பக்கத்தில் ஒட்டினோம். பசை விட்டுவிட்டால் என்ன செய்வது என்று அவர் தங்கூசியால் அதைக் கவசத்தோடு நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினார். தூண்டில் போடுகிற அதே நைலோன் நூல்தான். மீன் பிடிக்கிற நூலில் கட்டுண்டு என் நெற்றியில் ஒரு கண். பிறகு இருவரும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டோம்.

இன்னொரு விஷயமும் சொன்னார். அவருக்குக் கிடைத்த அனுமதிக் கடிதத்தில் கோயில் மலைக்கு வடக்கே மட்டும்தான் பறக்கலாம், துறைமுகப் பக்கம் கமராவைத் திருப்பக்கூடாது என்று இருந்தது. அதனால் தலையைத் தெற்கே திருப்பாதீர்கள், பார்க்க ஆசை என்றால் கண்ணை மட்டும் திருப்புங்கள் என்றார்.

யந்திரம் அலறியது. ஈர மணலில் சில்லுகள் ஓட, பின்னால் கிடந்த துணி எழும்பித் தலைக்கு மேலே வந்து நின்றது. எத்தனை அடி ஓடினோம் என்று எண்ணுவதற்குள் கீழே மணல் இல்லை. என் கால்களுக்குக் கீழே ஒரு தரையும் இல்லை. வாயைத் திறந்தேன், காற்று நிரம்பிப் போனது. பயம் வரும் வரும் என்று காத்திருந்தேன், அது வரவேயில்லை. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் கேட்காத அந்த இரைச்சலில் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்துமூன்று வருடமாக நான் வாழ்ந்த இடம் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நிலாவெளி உப்பளங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். ஒன்று சாம்பல், ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்றில் முழு வானமும் கிடந்தது. கடலின் ஓரம் பச்சைக் கண்ணாடி மாதிரி, அதற்கப்பால் கோடு கிழித்தது போல ஒரே கறுப்பு நீலம். புறாமலைத் தீவு இரண்டு கற்களாகச் சின்னதாகக் கிடந்தது. தலையை வடக்கே வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் கடைக்கோடிக்குத் தள்ளிப் பார்த்தேன். கோணேசர் கோயில் மலைக்கு அப்பால் உள்துறைமுகம் கைவிரல்கள் மாதிரி நிலத்துக்குள் நுழைந்திருந்தது. அதற்கும் அப்பால் கொட்டியார்க் குடா, பனிப்புகாருக்குள் மூதூரும் சம்பூரும். கண் வலித்தது. அப்படியும் விடவில்லை.

இருபது நிமிடம் கழித்து இறங்கிக் கமராவைப் பார்த்தேன். அதற்குள் எங்கள் பறப்பு இல்லை. நான் மணலில் நின்றபோதே அது ஓடத் தொடங்கியிருக்கிறது. கிளம்பும்போது நான் மறுபடி அழுத்தியதில் நின்றிருக்கிறது. யந்திர இரைச்சலில் அது போடுகிற பீப் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. இறங்கியதும் நிறுத்துவதாக நினைத்து அழுத்தியதில் மறுபடி ஓடி, என் சப்பாத்தையும் சாமான் ஏற்றிவந்த வண்டியின் கதவையும் நல்ல வடிவாக எடுத்து வைத்திருந்தது. அண்ணா கோபிக்கவில்லை. நாளைக்கும் காற்று இருக்கும் தானே என்றார்.

மறுநாள் ஆறு மணிக்கே போய்விட்டேன். இந்த முறை கமராவின் சிவப்பு வெளிச்சம் எரிகிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லி, எரிகிறது என்று அவர் பெருவிரலைக் காட்டிய பிறகே கிளம்பினோம். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். தலையை வெடுக்கென்று திருப்பக்கூடாது, பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். ஒன்றைப் பார்த்தால் பத்து எண்ணும்வரை பார்க்க வேண்டும். சொந்தக் கை ஒருமுறையாவது படத்துக்குள் வரவேண்டும். அப்போதுதான் ஒரு மனிசர் அங்கே இருந்தது தெரியும்.

கடல் எண்ணெய் ஊற்றியது போல இருந்தது. சல்லிக் கிராமத்துக்கு மேலே போகும்போது, கரைக்குத் திரும்புகிற வள்ளங்கள் ஒன்றிரண்டாகக் கீழே வந்தன. ஒவ்வொன்றிலும் ஆட்கள் கையைக் காட்டினார்கள். நான் காட்டினேன். அண்ணா ஒவ்வொரு முறையும் துணியை இடமும் வலமுமாகச் சரித்து வணக்கம் வைத்தார். அப்படி நாலு வள்ளம். பிறகு அவர் கொஞ்சம் வெளிக்கடல் பக்கம் போனார், வெயில் தண்ணீரில் விழுவதை எடுக்கட்டும் என்று. அங்கே தனியாக ஒரு வள்ளம் நின்றது. இரண்டு பேர். அவர்களும் கையைக் காட்டினார்கள், மற்றவர்களை விட அதிக உற்சாகமாக. ஒருவர் ஒரு தடியில் சட்டையைக் கட்டி வீசினார். நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அண்ணா துணியை இரண்டு முறை சரித்தார். பிறகு கரைக்குத் திரும்பினோம்.

நேரே சல்லிக்குப் போனேன். என் அக்கா அங்கே கலியாணம் செய்தவள். அத்தான் கடலுக்குப் போகிறவர். தங்கள் வீட்டுக் கூரை மேலேயிருந்து எப்படி இருக்கும் என்று அக்கா முதல் நாளே கேட்டு வைத்திருந்தாள். அவளுடைய குசினி மேசையில் மடிக்கணினியை வைத்து, படத்தை ஏற்றிப் போட்டேன். அவள் புட்டுக் குழலை அடுப்பில் விட்டுவிட்டு வந்து நின்றாள். கூரையைக் கண்டதும், பின்பக்கத் தகரம் ஒன்று கழன்றிருக்குது பார், இந்தாளுக்கு எத்தனை தரம் சொன்னனான் என்றாள். பெருமையில் என் கால் நிலத்தில் இல்லை. எல்லாம் படத்தில் விழுந்திருந்தது. உப்பளம், வெள்ளை நுரைக் கோடு, வள்ளங்கள், என் கை.

அந்தத் தனி வள்ளம் வந்தபோது அக்கா கதையை நிறுத்தினாள். திரும்பப் போடச் சொன்னாள். போட்டேன். பெரிதாக்க ஏலுமா என்றாள். கமரா அகலமாகப் பார்ப்பதால் வள்ளம் ஒரு அரிசி அளவுதான் இருந்தது. அதை இழுத்துப் பெரிதாக்கினேன். படம் கட்டம் கட்டமாக உடைந்தது, ஆனால் உருவம் தெரிந்தது. ஒருவர் இரண்டு கையையும் விரித்து மேலே தூக்கி, கீழே இறக்கி, மறுபடி தூக்கினார். மற்றவரின் தடி என்று நான் நினைத்தது துடுப்பு.

"அவங்கள் கை காட்டேல்லையடி" என்றாள் அக்கா. "கூப்பிடுறாங்கள்."

அந்த நேரத்தில் படத்துக்குள் என் இரண்டு கைகளும் எழும்பின. விரல்களை விரித்து, சந்தோஷமாக, இடமும் வலமும் ஆடின. பிறகு அடிவானம் இரண்டு முறை சரிந்தது. பிறகு வள்ளம் படத்தை விட்டுப் போனது. என் காதுமடல்கள் சூடாகின. 

அக்கா உள்ளே ஓடி அத்தானை எழுப்பினாள். இரவுத் தொழிலுக்குப் போய்வந்து படுத்திருந்தவர், சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். கழுவாத முகம். ஒரு தரம்தான் பார்த்தார்.

"எஞ்சினைத் தூக்கி விட்டிருக்கிறாங்கள். வள்ளம் அலைக்குக் குறுக்காக் கிடக்குது. ஓடுற வள்ளம் அப்பிடிக் கிடக்காது. எத்தனை மணிக்கு எடுத்தனி?"

கமராவின் மணிக்கூட்டை நான் சரி செய்திருக்கவில்லை. அது ஏதோ பழைய வருடத்து ஜனவரியைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் நாங்கள் கிளம்பியது ஆறு பத்துக்கு என்று தெரியும். வள்ளம் வருவது படத்தின் பத்தொன்பதாம் நிமிடத்தில். அப்படியென்றால் ஆறரை. இப்போது எட்டரை. இரண்டு மணித்தியாலம்.

எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. கடலில் அடையாளம் இல்லை என்று நான் நினைத்தேன். அத்தான் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் ஓட்டச் சொன்னார். வள்ளம் படத்தின் ஓரத்திலும் கரை மறு ஓரத்திலும் ஒன்றாக வருகிற ஒரு கணத்தில், நிப்பாட்டு என்றார். புறாமலை எந்தப் பக்கம், சல்லி அம்மன் கோயில் எந்தப் பக்கம் என்று விரலால் திரையில் கோடு இழுத்தார். கலியாண மண்டபத்தைக் கெடுத்த அந்த அகலக் கண்ணாடிதான் இவ்வளவையும் ஒரே படத்துக்குள் அடக்கியிருந்தது. ஆறு கிலோமீற்றருக்குக் கிட்ட வெளியே என்று அவர் கணித்தார். அங்கே நங்கூரம் போட்டாலும் நிலம் பிடிக்காது என்றார். பத்து மணிக்குப் பிறகு கச்சான் காற்று எழும்பும். அது கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. எழும்பிவிட்டால் வள்ளத்தை அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் யாருக்கும் சொல்லத் தேவையும் இல்லை.

பிறகு எல்லாம் ஓட்டம்தான். அத்தான் கைப்பேசியில் மீனவர் சங்கத்துக்கும் கடற்படைக்கும் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு வள்ளத்துக்கான பெற்றோல் கலன்களோடு வந்தார்கள். நான் பறக்கிற அண்ணாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.  நானும் துணியைச் சரிச்சனானே என்றார், மெதுவாக. பிறகு குரல் மாறியது.

"மேல போனா நாங்கள் கெதியாக் கண்டுபிடிப்பம். அனுமதிக் கடிதம் தந்த கந்தோருக்குச் சொல்லிப்போட்டு நான் சாமானை வெளியில எடுக்கிறன். என்ர ரெண்டு கண் மட்டும் காணாது. நீங்கள் வருவீங்களா?"

ஓம் என்று சொல்லும்போதே நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

அத்தானும் அவரும் கைப்பேசியில் ஒரு ஒழுங்கு பேசிக்கொண்டார்கள். வானத்திலிருந்து நாங்கள் பேசுவது வள்ளத்தில் வருகிற அத்தானுக்குக் கேட்காது, அவர் பேசுவது எங்களுக்குக் கேட்காது. அதனால் வள்ளத்தைக் கண்டதும் நாங்கள் அதன் திசைக்கு நேராகக் கொஞ்ச தூரம் பறந்து திரும்பி வருவோம். மறுபடி அதே கோட்டில் போவோம். அந்தக் கோட்டில் அத்தானின் வள்ளங்கள் வரவேண்டும். அவ்வளவுதான்.

ஒன்பது பத்துக்கு எழும்பினோம். காலையில் அசையாமல் கிடந்த காற்று இப்போது கட்டி கட்டியாக வந்து எங்களைத் தூக்கிப் போட்டது. அண்ணா வெளிக்கடலுக்கு அதிக தூரம் போகவில்லை. யந்திரம் நின்றால் மிதந்துகொண்டே கரைக்கு வரக்கூடிய தூரத்தில்தான் நிற்பேன், தூரத்துக்குப் பதிலாக உயரம் போகிறேன் என்று கிளம்பும் முன்பே சொல்லியிருந்தார். ஏறினார், ஏறினார், ஏறிக்கொண்டேயிருந்தார். குளிர்ந்தது. திருகோணமலையில் எனக்குக் குளிர்ந்தது அன்றைக்குத்தான். நேற்று என்னைச் சிரிக்க வைத்த உயரம் இப்போது காலுக்குக் கீழே ஒரு படி மாதிரித் தெரிந்தது. கடல் முழுக்க வெயிலில் மினுங்கியது, அந்த மினுக்கத்துக்குள் புள்ளிகள். பத்து, பன்னிரண்டு புள்ளிகள். எல்லாம் வள்ளங்கள். எதைத் தேடுவது?

அப்போதுதான் கவனித்தேன். ஓடுகிற ஒவ்வொரு வள்ளத்துக்கும் பின்னால் வெள்ளையாக ஒரு நுரை வால் இருந்தது. மேலேயிருந்து வள்ளத்தை விட வால்தான் நன்றாகத் தெரிந்தது. நின்று வலை இழுக்கிற வள்ளங்களுக்கு வால் இல்லை, ஆனால் பக்கத்தில் வலையின் மிதவைகள் சங்கிலி போலக் கிடந்தன. வாலும் இல்லாமல், சங்கிலியும் இல்லாமல் ஏதாவது இருக்கிறதா என்று ஓரத்திலிருந்து ஓரமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒருதரம் பார்த்து முடித்தேன். இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, காற்றினால். துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

இருந்தது. அத்தான் சொன்ன இடத்துக்கு அப்பால், நன்றாக அப்பால், வடகிழக்கில். ஒரு நகத்துண்டு அளவு.

என் முன் இருக்கையிலிருந்து கையைப் பின்னால் நீட்டி அண்ணாவின் முழங்காலில் அடித்தேன். விரலை நீட்டிக் காட்டினேன். அவர் என் கையின் நேரே குனிந்து பார்த்தார். பிறகு பெருவிரல். யந்திரம் சரிந்தது, மூக்கு வடகிழக்கே போனது.

போய்த் திரும்பினோம். மறுபடி அதே கோடு. கீழே சல்லிப் பக்கமிருந்து கிளம்பிய இரண்டு வெள்ளை வால்கள் கிழக்கே நேராகப் போய்க்கொண்டிருந்தன, தவறான திசையில். மூன்றாவது தரம் அந்தக் கோட்டில் போனோம். காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளியது. அண்ணா ஏதோ கத்தினார்; எனக்குக் கேட்கவில்லை, ஆனால் இன்னும் ஒரே ஒரு தரம்தான் என்பது விளங்கியது. நாலாவது தரம் திரும்பியபோது நான் கீழே பார்த்தேன். முதல் வால் வளைந்தது. மெதுவாக, ஒரு பெரிய அரைவட்டமாக, வடகிழக்கே. அதன் பின்னால் இரண்டாவதும் வளைந்தது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று கமராவில்கூட இல்லை, காற்றின் இரைச்சல்தான் இருக்கிறது. ஆனால் படம் இருக்கிறது. இரண்டு வெள்ளைக் கோடுகள் ஒரு புள்ளியை நோக்கி நீண்டு நீண்டு போவது. நாங்கள் இறங்கத் தொடங்கியபோது முதல் கோடு அந்தப் புள்ளியைத் தொட்டு நின்றது.

இறங்கியபோது சில்லு மணலில் மோதி ஒருபக்கம் சாய்ந்தோம், ஒன்றும் ஆகவில்லை. அண்ணா தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இந்தக் காற்றில் நான் எழும்பியிருக்கக்கூடாது என்றார். பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன். 

பதினொன்றரைக்கு வள்ளத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். சல்லிக் கரை முழுக்க ஆட்கள். வந்தவர்கள் நிலாவெளிப் பக்கத்தைச் சேர்ந்த மச்சான்மார் இரண்டு பேர், நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள். முந்தின நாள் பின்னேரம் போனவர்கள். எஞ்சினுக்குள் பல்லுச் சில்லு உடைந்திருக்கிறது. ஒரு கைப்பேசி தண்ணீருக்குள், மற்றதில் பற்றரி இல்லை. வழக்கமாக அவர்கள் கரைக்கு வருவது ஒன்பது, பத்து மணிக்கு என்பதால் வீட்டில் யாரும் இன்னும் தேடத் தொடங்கியிருக்கவில்லை. அக்கா காலையில் அவித்த புட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். மணலில் குந்தியிருந்து சாப்பிட்டார்கள்.

நான் கிட்டப் போகாமல் நின்றேன். என் கைகள் ஆடியது அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு என்னைப் பின்னால் இழுத்தது. அக்காதான் என்னைத் தள்ளிக்கொண்டு போய், இவள்தான் மேலே இருந்தவள் என்றாள். நான் ஏதோ மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். விளங்காமல் கையைக் காட்டிவிட்டோம் என்று.

மூத்தவர் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நீங்கள் கை காட்டினதையும் குடையைச் சரிச்சதையும் கண்டுதான் நாங்கள் அசையாமல் இருந்தனாங்கள். கண்டிட்டினம், ஆள் அனுப்புவினம் எண்டு. அதுக்கு முந்தி இவன் வெறும் கலனைக் கட்டிக்கொண்டு நீந்தப் போறன் எண்டு நிண்டவன்."

மற்றவர் தலையைக் குனிந்து புட்டைப் பிசைந்தார்.  நாங்கள் விளங்கிக்கொண்டோம் என்று அவர்கள் நம்பினார்கள், ஆனால் எங்களுக்கு அந்த நேரத்தில் ஒன்றும் விளங்கவேயில்லை. அதைச் சொன்னேன். அது பரவாயில்லை, அந்த நேரம் எங்களுக்கு அது தெரியாதது நல்லது என்றார் அவர்.

அன்று பின்னேரம் தகரக் கூரையை அத்தான் ஏறிச் சரிசெய்தார். அந்தக் கலவரத்துக்குள்ளும் அக்கா மறக்கவில்லை.

பறக்கிற அண்ணாவுக்கான இரண்டு நிமிட வீடியோவை நான் அந்த வாரம் வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். உப்பளம், புறாமலை, நுரைக் கோடு எல்லாம் இருந்தது. அந்த வள்ளம் இல்லை. அது பயணிகளுக்கு உரியது இல்லை என்று இருவருமே நினைத்தோம். அதற்குப் பதிலாக ஒரு புதிய பழக்கத்தை அவர் கொண்டுவந்தார். கடலில் யார் கை காட்டினாலும் ஒருமுறை சுற்றி வந்து, எஞ்சின் தண்ணீருக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே துணியைச் சரிக்கிறார்.

பதினைந்து நாள் கழித்து அந்த மூத்தவர் உப்புவெளிக்கு வந்தார். வெள்ளைச் சேட்டு, கையில் நல்ல பாரை மீன் ஒன்று. மீனை அண்ணாவிடம் கொடுத்துவிட்டு, என்னை ஒருக்கால் மேலே கொண்டு போவீங்களா என்று கேட்டார். அன்றைக்கு எங்களைக் கீழேயிருந்து பார்த்ததிலிருந்து மேலே என்ன தெரிகிறது என்று அறிய ஆசை என்றார். அண்ணா உடனே மிதவைச் சட்டையை எடுத்தார். நான் தலைக்கவசத்தை அவருக்குப் போட்டு, தாடைப் பட்டியை இறுக்கி, கமராவைத் தட்டி விட்டேன். சிவப்பு வெளிச்சம் எரிந்தது.

அவர் எடுத்து வந்த படத்தில் நிலமே இல்லை. இருபத்தைந்து நிமிடமும் கடல். உப்பளத்தையோ கோயில் மலையையோ அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெட்டி ஒட்டுகிற நான் பார்த்தால், ஒன்றும் நடக்காத வெறும் தண்ணீர். ஆனால் மடிக்கணினியில் போட்டதும் அவர் கதிரையை இழுத்துக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தார். ஒரு இடத்தில் தண்ணீர் கொஞ்சம் கறுத்திருந்தது, மேகத்தின் நிழல் மாதிரி.

"நிப்பாட்டுங்கோ" என்றார். விரல் திரையில் பதிந்தது. "இது நிழல் இல்லை. சூடை மீன். ஒரு பட்டி. பாருங்கோ, திரும்புது."

ஓடவிட்டேன். அந்தக் கறுப்பு மெதுவாக நீண்டு, வளைந்து, இரண்டாகப் பிரிந்து, மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே உடம்பாகத் திரும்பின. முப்பது வருடமாக அவற்றின் மேலே வலை போட்டவர், முதல் தடவையாக அவை முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தரம் என்றார். அண்ணாவும் குனிந்து வந்தார். மூன்று பேருமாக அந்தச் சின்னத் திரைக்கு முன்னால் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து, அந்தச் சூடைப் பட்டி திரும்புவதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தோம்.